மெற்றில்டா அக்கா எழுதிய களப்புக் கட்டுரை

கிளிநொச்சிப் பேருந்து நிலையத்தில் வவுனியா பேருந்துக்காக நின்றபோது மெற்றில்டா அக்காவின் தம்பி அன்ரனின் அழைப்பு வந்தது. இரைச்சலில் முதலில் ஒன்றும் கேட்கவில்லை. ஓரமாகப் போய் மறு காதைப் பொத்திக்கொண்டேன்.

"அக்கா போயிட்டா" என்றார். "விடியப்புறம். நித்திரையிலேயே போயிட்டா. உங்கட வகுப்பு ஆக்களுக்கு நீங்கள் சொல்லுங்கோ. என்னால ஏலாது."

பேருந்தில் ஏறி இருந்துகொண்டு எங்கள் வகுப்பு நண்பர்களின் வட்ஸ்அப் குழுவுக்குச் செய்தி எழுதினேன். "கனத்த இதயத்துடனும் ஆறாத் துயருடனும்" என்று விரல் தானாகத் தொடங்கியது. அதை அழித்தேன். "மெற்றில்டா அக்கா இன்று விடியற்காலை காலமானார். அடக்கம் நாளை பின்னேரம்" என்று மட்டும் எழுதி அனுப்பினேன். அவருடன் படித்தவர்களுக்கு நான் ஏன் அப்படி எழுதினேன் என்று விளங்கியிருக்கும். சொல்ல வேண்டியதை முதல் வரியில் சொல்லாத எவரையும் அவர் சும்மா விட்டதில்லை.

இந்தக் குறிப்பையும் அந்த நண்பர்களுக்காகவே எழுதுகிறேன். அவரை அறியாத எவரேனும் வாசிக்கக்கூடும் என்பதால் அவர் யாரென்று சொல்லிவிடுகிறேன். மெற்றில்டா அக்கா முள்ளிவாய்க்காலுக்குச் சற்றுத் தள்ளிய ஒரு கரையோரக் கிராமத்தில் முன்பள்ளி ஆசிரியையாக இருந்தார். கணவரை யுத்தத்தின் கடைசி மாதங்களில் இழந்தவர். பிள்ளைகள் இல்லை. பக்கத்து வளவில் தம்பி அன்ரனின் குடும்பம். ஊரை ஒட்டிய களப்பில், கடல்நீர் புகுந்து நிற்கும் அந்த நீர்ப்பரப்பில், அன்ரனுக்குத் தொழில். அந்தக் கரையில் தொழில் என்றால் மீன்பிடிதான். நாற்பது வயதை நெருங்கும்போது அக்கா வெளிவாரிப் பட்டப்படிப்புக்குப் பதிந்து, வார இறுதி நாட்களில் கிளிநொச்சி வகுப்புக்கு வரத் தொடங்கினார். நான் அப்போது வட்டக்கச்சியில் ஒரு கூட்டுறவுச் சங்கக் கடையில் எழுதுவினைஞர். அவரைவிடப் பதினைந்து வயதாவது இளையவள். ஆனால் இருவரும் ஒரே முதலாம் ஆண்டு. கட்டுரை எழுதத் தெரியாதவர்கள் என்பதில் இருவரும் ஒரே தரம்.

எங்களுக்குத் தெரியாது என்பதே எங்களுக்குத் தெரிந்திருக்கவில்லை. எழுதிக் கொடுக்க வேண்டிய முதலாவது ஒப்படை, "உமது பிரதேசத்தில் நிலவும் ஒரு பிரச்சினையை ஆராய்க" என்பது. உயர்தரப் பரீட்சையில் தமிழில் நல்ல பெறுபேறு எடுத்தவர்கள் என்ற நம்பிக்கையில் எல்லோரும் பக்கம் பக்கமாக எழுதிக் கொடுத்தோம். திருத்திக் கொண்டுவந்த சனிக்கிழமை, எங்கள் விரிவுரையாளர் பெயர் சொல்லாமல் சில கட்டுரைகளின் முதற்பந்தியை மட்டும் வாசித்தார். "இந்து சமுத்திரத்தின் முத்தாய்த் திகழும் இலங்கைத் திருநாட்டிலே" என்று ஒன்று. "ஆதிகாலம் தொட்டு இன்றுவரை மனிதனானவன்" என்று இன்னொன்று. "விஞ்ஞானம் விண்ணை முட்டி நிற்கும் இந்த நவீன யுகத்திலே" என்று மற்றொன்று. முதலில் வகுப்பு முழுவதும் சிரித்தது. பிறகு தத்தம் பந்திகள் வர வர, ஒவ்வொருவராகச் சிரிப்பை நிறுத்திக்கொண்டோம். ஆதிகாலம் என்னுடையது.

"ஆர் எழுதினது எண்டு நான் கேக்கேல்லை" என்றார் சேர். "ஆனா எல்லாருக்கும் ஒரே ஆள் எழுதித் தந்த மாதிரி இருக்கு."

பின்வரிசையில் இருந்து மெற்றில்டா அக்கா எழுந்தார். அதுவரை வகுப்பில் அவர் வாய் திறந்ததில்லை.

"முத்து எண்டு எழுதினது நான்தான் சேர்."

"இருங்கோ, இருங்கோ. நான் பேர் கேக்கேல்லை."

"அதுக்கில்லை சேர். நான் சொல்ல வந்தது மூண்டாம் பக்கத்தில கிடக்கு. நீங்கள் அதை வாசிக்கேல்லை."

சேர் தாள்களைப் புரட்டினார். பிறகு மெதுவாக வாசித்தார்: "எமது களப்பில் இறால் குறைந்து போனமைக்கு நாமும் ஒரு காரணமாவோம்."

சேர் தாளில் இருந்து தலையை நிமிர்த்தினார்.

"இதை ஏன் மூண்டாம் பக்கம் வரைக்கும் ஒளிச்சு வைச்சனீங்கள்?"

"பயம் சேர்."

"ஆருக்குப் பயப்பிடுறியள்?"

"என்ர தம்பிக்கு."

எல்லோரும் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. இருந்துகொண்டு, கொப்பியின் ஓரத்தில் ஏதோ குறித்தார். சேரும் சிரிக்கவில்லை. "அடுத்த முறை இந்த வசனத்தை முதலாவது பந்தியில வையுங்கோ. மிச்சமெல்லாம் அதுக்குப் பின்னால வரட்டும்" என்றார். கட்டுரை எழுதுவது பற்றி நான் கற்ற முதற்பாடம் அதுதான். ஆனால் அதைச் சொன்னவரைவிட, அப்படி எழுந்து நின்றவர்தான் எனக்கு நினைவில் நிற்கிறார்.

அந்தப் பின்னேரமே நான் அவரைத் தேடிப் போய்க் கதைத்தேன். முல்லைத்தீவுப் பேருந்து வரும்வரை நிலையத்துக்கு எதிரில் இருந்த தேத்தண்ணிக் கடையில் இருந்தோம். பிறகு அது வழக்கமாகிவிட்டது. ஒருவர் எழுதியதை மற்றவர் சத்தமாக வாசிப்பது எங்கள் முறை. எழுதியவர் வாசித்தால் இல்லாததையும் சேர்த்து வாசித்துவிடுவார் என்று அக்கா விடமாட்டார். வாசித்துக்கொண்டே இருப்பார், நடுவில் நிறுத்தி "ஆர் சொன்னது?" என்பார். இன்னும் இரண்டு வசனம் போனால் "அதுக்கு?" என்பார். கடைக்காரர் ஒருநாள், "ரீச்சர், பிள்ளையோட சண்டை பிடிக்கிறியளோ?" என்று கேட்டுவிட்டார்.

"முன்பள்ளியில மூண்டு வயதுப் பிள்ளையள் என்னை இப்பிடித்தான் கேக்குதுகள்" என்றார் அக்கா. "ஏன் ரீச்சர், ஏன் ரீச்சர் எண்டு விடாதுகள். அதுகளுக்குப் பதில் சொல்ல ஏலாத கட்டுரை ஒரு கட்டுரையோ?"

என்னுடைய இரண்டாவது ஒப்படை, வட்டக்கச்சிப் பக்கத்தில் வாய்க்கால் தண்ணீர் பங்கிடப்படுவதைப் பற்றியது. அதில் ஓரிடத்தில், "சில குடும்பங்களுக்குக் காணி உரிமைப் பத்திரம் இல்லாமையால் அவர்கள் தண்ணீர் பற்றிய கூட்டங்களில் பேசத் தயங்குகின்றனர்" என்று எழுதியிருந்தேன். அக்கா வாசிப்பை நிறுத்தினார்.

"ஆர் இந்தச் சில குடும்பங்கள்?"

"கொஞ்சப் பேர் இருக்கினம் அக்கா."

"அதுதான் ஆர் எண்டு கேக்கிறன்."

நான் தேத்தண்ணிக் கிளாசைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் அப்பாவின் பெற்றோர் மலையகத் தேயிலைத் தோட்டத்தில் இருந்து இனக்கலவரத்துக்குத் தப்பி வன்னிக்கு வந்தவர்கள். நான் இங்கே பிறந்தேன், இங்கே படித்தேன், இந்த ஊர்ப் பேச்சைத்தான் பேசுகிறேன். ஆனாலும் தோட்டத்தில் இருந்து வந்தவர்கள் என்றால் குறைவாகப் பார்ப்பவர்கள் இருந்ததால், அதை எவரிடமும் நானாகச் சொன்னதில்லை.

"நாங்கள்தான் அக்கா" என்றேன்.

அவர் என் கையைப் பிடிக்கவும் இல்லை, ஆறுதல் சொல்லவும் இல்லை. அதற்காக இன்றும் நன்றியுடையவளாக இருக்கிறேன். தாளை என் பக்கம் திருப்பி வைத்தார்.

"கட்டுரையில 'நான்' எண்டு எழுதக் கூடாதெண்டு சேர் சொன்னவர். சரி, எழுத வேண்டாம். ஆனா ஆர் எண்டு எழுதலாம்தானே? 'சிலர்' எண்டா ஒருத்தரும் இல்லை, பிள்ளை."

அந்த வசனத்தை அங்கேயே மாற்றினேன். "மலையகத்தில் இருந்து வந்து குடியேறிய குடும்பங்களுக்கு" என்று எழுதினேன். அந்த ஒரு மாற்றத்துக்குப் பிறகு மற்றப் பந்திகள் எல்லாம் தாமாகவே ஒழுங்குக்கு வந்தன. எந்தக் கூட்டம், யார் பேசினார்கள், யார் பேசவில்லை, கடைசி வயலுக்குத் தண்ணீர் எப்போது வந்தது என்று எழுத வேண்டியதெல்லாம் எனக்குத் தெரிந்துதான் இருந்தது. கட்டுரைக்குள் அவற்றை இவ்வளவு நாளும் விடாமல் வைத்திருந்தது அந்த 'சில' என்ற சொல்தான்.

இப்போது அவருடைய களப்புக் கட்டுரைக்கு வருகிறேன். முதலாம் ஆண்டின் பெரிய ஒப்படைக்கு அவர் வேறு தலைப்பைத் தேடவில்லை. மூன்றாம் பக்கத்து வசனத்தையே எடுத்தார். களப்பில் இறால் குறைந்துவிட்டது. கரையில் எல்லோரும் வெளியில் இருந்து வருகிறவர்களைக் குறை சொல்கிறார்கள். ஆனால் இறால் குஞ்சுகள் உள்ளே வரும் மாதங்களில் நெருக்கமாகப் பின்னிய சின்னக் கண் வலை போட்டு அவற்றை வாரி எடுப்பவர்கள் ஊர்க்காரர்களும்தான். இதுதான் அவர் நிறுவ விரும்பியது.

ஆதாரத்துக்கு எங்கே போவது என்பது முதற்சிக்கல். அவர் சேரிடம் கேட்டபோது நானும் நின்றேன்.

"எங்கட மீனவர் சங்கத்தின்ர பழைய கடுதாசியள் எல்லாம் இடம்பெயர்வில போச்சு சேர். முந்தி வலையில எவ்வளவு இறால் பட்டது எண்டு எழுதி வைச்ச ஒண்டும் இல்லை. புத்தகத்தில இல்லாததெண்டா அது நடக்காததோ?"

சேர் சற்று யோசித்தார். "நடந்ததுதான். ஆனா நீங்கள் மட்டும் சொன்னாக் காணாது. மற்ற ஆக்களிட்டையும் கேளுங்கோ. உங்களோட ஒத்து வராத ஆக்களிட்டைக் கட்டாயம் கேளுங்கோ. ஆரிட்டை, எங்கை, என்ன கேட்டனீங்கள், அவை என்ன சொன்னவை எண்டு அப்பிடியே எழுதுங்கோ. அதுவும் ஆதாரம்தான்."

அவர் கேட்கத் தொடங்கினார். வலை தைத்துக்கொண்டிருப்பவர்களிடம், இறால் தரம் பிரிக்கும் பெண்களிடம், தொழிலை விட்டுவிட்ட வயதானவர்களிடம். கேட்கிறார் என்ற கதை கேள்விகளைவிட வேகமாக ஊருக்குள் ஓடியது. மெற்றில்டா ரீச்சர் எழுதிக் கொடுக்கப் போகிறா, மேலிடத்தில் இருந்து ஆட்கள் வந்து வலையெல்லாம் பறிக்கப் போகிறார்கள் என்று கதை. அதன் உச்சத்தில் அன்ரன் அக்காவின் வாசலில் வந்து நின்று, "எங்களைக் காட்டிக் குடுக்கப் போறியோ?" என்று கேட்டிருக்கிறார். காட்டிக்கொடுத்தவர் என்ற பேச்சுக்கே உயிர்கள் போன வன்னியில் அந்தச் சொல்லின் பாரம் என்னவென்று இதை வாசிக்கும் உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

ஒவ்வொரு சனிக்கிழமை காலையும் அன்ரன்தான் அக்காவை மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்து பிரதான வீதியில் விடுவார். அது நின்றது. அக்கா சைக்கிளில் வந்து, வீதியோரக் கடையில் அதைப் பூட்டிவிட்டுப் பேருந்து ஏறத் தொடங்கினார். தொழில் முடிந்து வரும்போது குசினி வாசலில் ஒரு சாப்பாட்டுக் கோப்பையில் மீன் வைத்துவிட்டுப் போவது அன்ரனின் வழக்கம். அதுவும் நின்றது.

"மீன் வாங்கித் தின்னுறன், பிள்ளை" என்று தேத்தண்ணிக் கடையில் சொன்னார். "கரையில இருந்துகொண்டு மீன் வாங்கித் தின்னுறன்." சிரிக்க முயன்றார். முடியவில்லை.

தலைப்பை மாற்றும்படி நான்தான் சொன்னேன். முன்பள்ளிப் பிள்ளைகளின் போசாக்கு பற்றி எழுதலாமே, அது உங்களுக்குத் தெரிந்ததுதானே என்றேன்.

"அதையும் எழுதிப் பாத்தனான். இரண்டாவது வரியில எனக்கே நித்திரை வந்திட்டுது."

"அப்ப தம்பி?"

"அதுதான் பிள்ளை தெரியேல்லை. அவன் என்னட்டைக் கேக்கிறது பிழையில்லை. நான் எழுதிறதும் பிழையில்லை. ரெண்டும் எப்பிடி ஒரு தாளில வாறதெண்டு தெரியேல்லை."

அடுத்த வாரம் ஊர் மீனவர் சங்கம் அவரைக் கூப்பிட்டது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்தபின் மாதா கோயிலுக்குப் பக்கத்து மண்டபத்தில் கூட்டம். என்னையும் வரச்சொல்லிக் கேட்டார். சனிக்கிழமை வகுப்பு முடிந்து அவருடனேயே போனேன். முரசுமோட்டை தாண்டி வயல்வெளி முழுவதும் பேருந்தில் அவர், எழுதிய தாள்களை மடியில் வைத்து, அவை பறந்துவிடும் என்பதுபோலக் கையால் அழுத்திக்கொண்டிருந்தார்.

மண்டபத்தில் ஆண்கள் நிறைய, பெண்கள் கொஞ்சம். அன்ரன் சுவரில் சாய்ந்தபடி நின்றார். சங்கத் தலைவர் மரியாதையாகத்தான் தொடங்கினார். "ரீச்சர், நீங்கள் என்ன எழுதிறியள் எண்டு ஒருக்காச் சொன்னியள் எண்டா எங்களுக்கும் நிம்மதி."

அக்கா எழுந்து முதலாவது பந்தியை வாசித்தார். ஒளித்துவைக்காத பந்தி. களப்பில் இறால் குறைந்தமைக்கு ஊரவரின் சின்னக் கண் வலையும் ஒரு காரணம் என்று அது முதல் வசனத்திலேயே சொன்னது. வாசித்து முடிப்பதற்குள் சத்தம் எழுந்துவிட்டது. "படிச்ச உடனை எங்களைப் பற்றியே எழுதிறதோ?" என்று ஒருவர் கத்தினார்.

பிறகு அன்ரனின் குரல் வந்தது. சத்தமாக இல்லை. அதனால் எல்லோரும் அடங்கினார்கள்.

"வலையைப் பற்றி எழுதினனி. சரி. களப்பு கடலோட சேருற தொடுவாய் மண் மூடிக் கிடக்கு எண்டு எழுதினனியோ? வாய் திறபடாட்டி குஞ்சு எங்காலை உள்ள வாறது? இடம்பெயர்ந்து திரும்பி வரேக்குள்ள என்னட்டை ஒரு வலையும் இல்லை. கையில அகப்பட்ட வலையோடதான் இறங்கினனான். பெரிய கண் வலை வேண்டாமெண்டோ விட்டனான்? அதை எழுதினனியோ?"

அக்கா கதிரையில் இருந்தார். தாளைத் திருப்பி வெற்றுப் பக்கத்தை எடுத்தார்.

"சொல்லு" என்றார். "ஆறுதலாச் சொல்லு. எழுதிறன்."

அன்ரன் திகைத்துப்போனார். அக்கா வாதாடுவார், அல்லது அழுவார் என்று எதிர்பார்த்திருக்க வேண்டும். "என்னத்தைச் சொல்ல?" என்றார்.

"தொடுவாய் எப்ப தொடக்கம் மூடிக் கிடக்கு?"

அவர் சொன்னார். பக்கத்தில் நின்றவர் அது சரியில்லை என்று திருத்தினார். இன்னொருவர் இருவரையும் மறுத்தார். அக்கா மூன்றையும் எழுதினார். இறால் பிரிக்கும் பெண்ணொருத்தி, குஞ்சு இறால் கூடையில் வருவதைத் தான் ஒவ்வொரு நாளும் பார்ப்பதாகவும், அதைச் சொன்னால் வீட்டில் பேச்சு விழும் என்றும் சொன்னாள். அதையும் எழுதினார். மத்தியானம் தாண்டியும் எவரும் எழும்பவில்லை. கத்தியவரே கடைசியில் கதிரையை இழுத்துக்கொண்டு அக்காவுக்கு முன்னால் வந்து இருந்து, "இதையும் போடுங்கோ ரீச்சர்" என்று ஒவ்வொன்றாகச் சொன்னார்.

கலையும்போது தலைவர் தயங்கித் தயங்கிக் கேட்டார். "எல்லாம் சரி ரீச்சர். அந்த முதல் வரியை மட்டும் எடுத்துவிட ஏலாதோ?"

"எடுத்தா உங்களுக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி" என்றார் அக்கா. "ஆனா பிறகு நான் என்னத்துக்கு எழுதிறன்? நீங்கள் சொன்னது எல்லாத்தையும் அதுக்குக் கீழ போடுறன். அந்த வரி நிக்கட்டும்."

அவர் கட்டுரையைத் திரும்ப எழுதினார். முதல் வசனம் நின்றது. ஆனால் அதில் "ஒரு காரணம்" என்பதற்கு முன்னால், "தொடுவாய் மூடியமைக்கு அடுத்ததாக" என்ற சொற்கள் சேர்ந்தன. எதிர்க்கருத்து என்று ஒரு முழுப் பகுதி வந்தது. அதில் அன்ரன் சொன்னதெல்லாம் அவர் சொன்ன ஒழுங்கிலேயே இருந்தது. அதன்பின், ஒன்றை ஏற்கிறேன், மற்றொன்றை இந்தக் காரணத்தால் ஏற்கவில்லை என்று அக்கா எழுதியிருந்தார். இன்று என் மாணவர்களுக்கு எதிர்க்கருத்தை எப்படி எழுதுவது என்று விளக்கப் பல முறைகள் எனக்குத் தெரியும். அந்த மண்டபத்தில் பார்த்ததை எந்த முறையாலும் சொல்ல முடிவதில்லை.

அன்ரன் உடனே சமாதானமாகிவிடவில்லை. மீன் கோப்பை வரவில்லை. ஒப்படை கொடுக்க வேண்டிய வாரத்தில்தான் ஒருநாள் பின்னேரம் வந்து வேலிக்கு அப்பால் நின்றபடி கேட்டாராம்.

"நான் சொன்னதுகளைப் போட்டனியோ?"

"ஓம், போட்டிருக்கிறன்."

"என்ர பேர்?"

"பயப்பிடாதை. பேர் போடேல்லை. 'ஒரு களப்பு மீனவர்' எண்டு போட்டிருக்கிறன்."

அவர் வேலிக்குக் கிட்ட வந்தார். பிறகு கோபத்தோடு கேட்டார்: "ஏன் போடேல்லை? சொன்னது நான்தானே? ஆரோ சொன்ன மாதிரி என்னத்துக்கு எழுதிறாய்? பேரைப் போடு."

இதை எனக்குச் சொல்லும்போது அக்கா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தார். உசாத்துணைப் பட்டியலில், நாங்கள் எல்லோரும் பேராசிரியர்களின் பெயர்களைத் தேடித் தேடி அடுக்கியிருந்த இடத்தில், அவர் தம்பியின் முழுப் பெயரை எழுதி, நேர்காணல் என்று போட்டார். அந்தச் சனிக்கிழமை அன்ரன்தான் அவரையும் ஒப்படையையும் வீதி வரைக்கும் ஏற்றிவந்தார்.

அந்தக் கட்டுரைக்கு வகுப்பில் அதிக புள்ளி கிடைக்கவில்லை. நீளம் கூடிவிட்டது, முடிவுரை போதாது என்று சேர் எழுதியிருந்தார். ஆனால் அடியில், "இதை எழுதியவர் கேட்கத் தெரிந்தவர்" என்றும் ஒரு வரி இருந்தது. அக்காவுக்கு முடிவுரை பற்றித்தான் குறை. "சொல்லி முடிஞ்சதுக்குப் பிறகு இன்னும் என்னத்தைச் சொல்லுறது?" என்று பேருந்து வரும்வரை கேட்டுக்கொண்டிருந்தார். அந்தக் கட்டுரையால் களப்பு மாறிவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். குஞ்சு வரும் மாதங்களில் சின்னக் கண் வலை போடுவதில்லை என்று சிலர் முடிவெடுத்தார்கள். அவர்களில் சிலர் பிறகு மறந்தும் போனார்கள். தொடுவாய் பற்றி ஊரார் ஒன்றுசேர்ந்து முதன்முதலாக ஒரு விண்ணப்பம் எழுதினார்கள். அதன் முதல் வரியை எழுதிக் கொடுத்தவர் யாரென்று உங்களுக்குத் தெரியும்.

நாங்கள் பட்டம் முடித்தபின் அவர் முன்பள்ளியை விட்டுப் போகவில்லை. எனக்கு வவுனியாவில் ஒரு கல்வி நிறுவனத்தில், முதலாம் ஆண்டு மாணவர்களுக்குக் கட்டுரை எழுதப் பயிற்றும் வேலை கிடைத்தது. "ஆதிகாலம் தொட்டு எழுதின ஆளையோ பிடிச்சவங்கள்?" என்று கேட்டுச் சிரித்தார். போன வருடம் புற்றுநோய் என்று தெரியவந்தது. சிகிச்சைக்கு யாழ்ப்பாணம் போய்வந்து கொண்டிருந்தார். முடி கொட்டிய தலைக்குச் சீலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு வகுப்பெடுத்தார். பிள்ளைகள் பயப்படுவார்கள் என்ற ஒரே காரணத்தால்தான் முன்பள்ளிக்குப் போவதை நிறுத்தினார்.

கடைசியாக அவரைப் பார்க்கப் போனபோது திருத்த வேண்டிய கட்டுரைகள் என் பையில் இருந்தன. இப்போது கைத்தொலைபேசியில் கேள்வியைக் கொடுத்தால் கட்டுரை முழுதாக வந்து விழுகிறது. அப்படி வந்த ஒன்றை ஒரு மாணவி தன் பெயரில் தந்திருந்தாள். என் கோபத்தை அக்காவிடம் கொட்டினேன்.

"வாசி பாப்பம்" என்றார்.

கட்டிலுக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டு வாசித்தேன். விவசாயக் காப்புறுதியின் முக்கியத்துவம் பற்றிய கட்டுரை. கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் நித்திரையாகிவிட்டார் என்று நினைத்து நிறுத்தினேன்.

"நல்லாத்தான் இருக்கு" என்றார் கண் திறக்காமல். "சொல்லில பிழை இல்லை. ஆனா இதுக்குள்ள ஆக்கள் இல்லை, பிள்ளை."

"அதுதான் அக்கா. நாளைக்கு அவளைக் கூப்பிட்டு நல்லா ஏசப் போறன்."

"ஏசாதை. களவெடுக்கோணும் எண்டு செய்திருக்காது. தனக்குத் தெரிஞ்சது ஒரு விஷயமே இல்லை எண்டு நினைச்சிருக்கும். நாங்களும் அப்பிடித்தானே நினைச்சம்? எங்கத்தைப் பிள்ளை?"

"முரசுமோட்டை."

"அப்ப வயலைப் பற்றிக் கேள்."

மறுநாள் மாணவியைக் கூப்பிட்டு வயலைப் பற்றிக் கேட்டேன். கையில் இருந்த தாளை இரண்டாக மடித்தாள். பிறகு, மழை கூடினால் தங்கள் வயல் தண்ணீருக்குள் போய்விடும் என்றும், இம்முறையும் போய்விட்டது என்றும், காப்புறுதிக்குப் போன அப்பா வெறுங்கையோடு திரும்பி வந்தார் என்றும் சொன்னாள். சொன்னதை எழுதச் சொன்னேன். அன்றே எழுதித் தந்தாள். பின்னேரம் அக்காவுக்குத் தொலைபேசியில் சொன்னேன். அவருடைய குரல் மிகவும் மெலிந்திருந்தது.

"முதல் வரி என்ன?" என்று கேட்டார்.

"'வயல் தண்ணீரில் மூழ்கியதை நிரூபிக்க வேண்டியவர் மூழ்கிய வயலின் சொந்தக்காரரே' எண்டு எழுதியிருக்கிறாள்."

"நல்லம்" என்றார். நான் கேட்ட அவருடைய கடைசிச் சொல் அது.

அடக்கத்துக்கு எங்கள் வகுப்பில் இருந்து பலர் வந்திருந்தீர்கள். வர முடியாதவர்களுக்காக இதை எழுதுகிறேன். பூசையின் முடிவில் குருவானவர், குடும்பத்தில் எவராவது பேசலாம் என்றார். அன்ரன் எழுந்தார். கையில் தாள் எதுவும் இல்லை.

"அக்கா என்னைப் பிழை எண்டு எழுதினவா" என்றார். "அதே தாளில நான் சொன்னதையும் எழுதினவா. என்ர முகத்துக்கு முன்னால நிண்டு பிழை எண்டு சொன்னது அவா ஒராள்தான். நான் சொன்னதை முழுக்கக் கேட்டதும் அவா ஒராள்தான்."

அவ்வளவுதான். போய் இருந்துவிட்டார்.

அவரிடம் இருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது என்ன என்று இந்த நாட்களில் அடிக்கடி யோசிக்கிறேன். அவர் சொன்னவை பல எனக்கு மனப்பாடம். ஆனால் அவற்றைவிட, கேள்வி கேட்ட பின் அவர் விட்ட இடைவெளியைத்தான் வைத்திருக்கிறேன் என்று தோன்றுகிறது. கேட்டுவிட்டுத் தானே பதில் சொல்லமாட்டார். அவசரப்படுத்தவும் மாட்டார். எதிரில் இருப்பவரிடம் சொல்ல ஏதோ இருக்கிறது என்பதில் அவருக்குச் சந்தேகமே இருந்ததில்லை. அதனால் பொறுத்திருப்பது அவருக்குச் சிரமமாகவும் இருந்ததில்லை. எனக்கு அது இயல்பாக வருவதில்லை. பழகிக்கொண்டிருக்கிறேன்.

போன கிழமை புதிய முதலாம் ஆண்டு வகுப்பு தொடங்கியது. ஒரு மாணவன் தன் கட்டுரையைக் கொண்டுவந்து மேசையில் வைத்தான். முதற்பந்தியில் நவீன யுகம் இருந்தது. வாசித்தேன். இதில் நீர் சொல்ல வந்தது எது என்று கேட்டேன். அவன் பேசவில்லை. நானும் பேசவில்லை. வெளியில் மற்ற வகுப்புகள் கலைந்து போகும் சத்தம் கேட்டது. அவன் தாளைப் பார்த்தான், யன்னலைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான்.

"மிஸ், நான் உண்மையா எழுத நினைச்சது வேற" என்றான்.

மற்றக் கதிரையை அவன் பக்கம் தள்ளிவிட்டேன்.

"இரும்" என்றேன். "சொல்லும்."